கோடு அறுந்த பதினோரு நாள்

நாரின் நகரத்து அரங்கில்
நடுவர் அம்மாள் எழுந்து வந்து
எங்கள் வரைபடத்தின் மேல் விரல் வைத்தார்.
"பிப்ரவரி மூன்று முதல் பதின்மூன்று வரை
கோடே காணோமே?"
"மின்தடை" என்றான் எல்தியார்.
நான் மறுக்கவில்லை.
செருகியைப் பிடுங்கினாலும்
மின்சாரம் தடைபடும்தானே.

எங்கள் ஊர் ஒரு கிண்ணம்.
விளிம்பெல்லாம் மலை.
குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை
அதன் அடியில் பாலாடை கட்டும்.
என் தம்பிக்கு இளைப்பு,
தோலோத்தின் தங்கைக்கும்.

ஒரு மதிய உணவு டப்பா,
கட்டைவிரல் அளவு விசிறி,
தூசியை எண்ணும் சிவப்பு ஒளிக்கண்.
இவ்வளவுதான் கருவி.
அதைக் கட்ட ஒரு கூரை வேண்டும்.
பள்ளியில் கையெழுத்திடுபவர் விடுப்பில்.
நகராட்சியில் மனுவுக்கு மனு கேட்டார்கள்.
பொதுக் குளியல்கூடத்து உலைக்காரர் சபிர்குல்
நாங்கள் கேட்டு முடிக்குமுன் ஏணியைச் சாத்தினார்.
"எண்ணுங்கள். எனக்கும் இருமல்தான்."

சந்தேகம் முதலில் செங்கல் சூளை மேல்,
பிறகு எல்லைக்குப் போகும் லாரிகள் மேல்.
ஒரு மாதம் எண்கள் வந்தன.
வியாழன் மாலைகளில் மட்டும்
முந்நூறைத் தாண்டி ஏறின.
வியாழன், சூளைக்கு விடுமுறை.
வியாழன், பெண்கள் குளிக்கும் நாள்.

இன்னொரு டப்பாவைக் கையில் ஏந்தி
காற்றுக்கு எதிராகத் தெருத்தெருவாய் நடந்தோம்.
எண் ஏற ஏறப் பேச்சு குறைந்தது.
நின்ற இடத்தில்
எங்களுக்குத் தெரிந்த ஏணி சாய்ந்திருந்தது.

இரண்டு நாள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"பெட்டியை வேறு கூரைக்கு மாற்றிவிடலாம்"
என்றான் எல்தியார்.
"புகையையுமா?" என்றாள் கனிகெய்.

சொன்னோம். தாளையும் நீட்டினோம்,
கரியை மேலிருந்து பற்றவைக்கும் முறை,
படம் போட்டு, அம்புக்குறி போட்டு.
அவர் படத்தைப் பார்க்கவில்லை.
மூலையில் கிடந்த டயர்த் துண்டுகளை
நாங்கள் பார்த்ததைப் பார்த்தார்.
"ஆளுக்கு முப்பது சோம் கட்டணம்.
அதற்கு வருவது ஈரக்கரி. தானாக எரியுமா?
வெந்நீர் வேண்டாமா உங்கள் அம்மாக்களுக்கு?"

என் அம்மாவும் வியாழக்கிழமைக்காரிதான்.

அன்றிரவு ஏழு பன்னிரண்டுக்குக் கோடு அறுந்தது.

இரண்டு முறை போனோம், கதவு திறக்கவில்லை.
மூன்றாம் முறை தாளைக் கொண்டுபோகவில்லை.
பின்கொட்டகையில் கோணிகளை விரித்து
ஈரக்கரியைப் பரப்பிப் போட்டோம்.
நகக்கண் கறுத்தது.
ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, மறைந்தது.

பதினான்காம் தேதி, வியாழன்,
கடைசி வகுப்பில் என் கைபேசி ஒளிர்ந்தது.
எண்: பூஜ்யம்.
மறுபடி பார்த்தேன். பூஜ்யம்.
எங்கள் ஊரில்! குளிர்காலத்தில்!
மணி அடிக்கவும் ஓடினோம்.
பனியில் தோலோத் இருமுறை விழுந்து
இருமுறையும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

உலைக்குள் கரி மேலிருந்து எரிந்துகொண்டிருந்தது,
மெழுகுவத்திபோல, அவசரமில்லாமல்.
புகைபோக்கியில் ஒரு மெலிந்த இழை.
இழைதான், ஆனால் புகை.
அப்படியென்றால் பூஜ்யம் எப்படி?

ஏணியில் ஏறிய கனிகெய்
மேலே போனதும் தலையில் அடித்துக்கொண்டாள்.
பெட்டியின் மேல் அவருடைய நரித்தோல் தொப்பி,
காதுமடல்கள் இரண்டையும் இறக்கி
அடியில் நாடாவை முடிச்சுப் போட்டு.

"மைனஸ் பதினெட்டு" என்றார் கீழிருந்து,
வெறுந்தலையோடு.
"அதற்கும் குளிராதா?"

முடிச்சை அவிழ்த்தோம்.
விசிறி மூச்சிழுத்தது.
எண் கிளம்பி, தடுமாறி,
நூற்றுப் பதினெட்டில் நின்றது.
நல்ல காற்று இல்லை.
"போன மாதம் எவ்வளவு?" என்று கேட்டார்.
சொன்னோம்.
பதில் சொல்லாமல் தொப்பியை வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் கொதிக்க இன்னும் ஒரு மணி நேரம்.
வாசலில் துண்டும் வாளியுமாய் வரிசை.
"இன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம்?"
என்று கத்தும் குரல்
என் அம்மாவுடையது.
நானும் எல்தியாரும்
ஒருவரையொருவர் முன்னே தள்ளினோம்,
போ, நீ போய்ச் சொல் என்று.